முழங்காலால் சாத்தும் கதவு

எல்கடுவ பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மிளகும் கராம்பும் ஏற்றி வருகிற தம்பி ஒருவர், போன மாதம் இரத்தோட்டை வீதியில் நான் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கும் கடைக்கு எதிரே தன் சிங்கிள் கெப்பை நிறுத்தினார். இறங்கியதும் கதவின் அடியில் முழங்காலைக் கொடுத்து ஒரு தூக்குத் தூக்கி, தோளால் தள்ளினார். லொக் விழவில்லை. இன்னொரு தூக்கு, இன்னொரு தள்ளு. அதற்குப் பிறகுதான் கதவு சாத்தியது.

"எத்தனை நாளா தம்பி இப்படி?"

"ஒரு வருஷம் இருக்கும்ணே. லொக்கு போயிருச்சு. கண்டி போறப்ப ஒண்ணு வாங்கிப் போடணும்."

"லொக்குல ஒண்ணும் இருக்காது. உக்காருங்க, பிளேன்டி சொல்றேன். இஞ்சி போட்டுக் குடிப்பீங்கதானே?"

கராஜில் கழித்த வருஷங்களில் லொக்கை மாற்றி, கைபிடியை மாற்றி, கடைசியில் முழுக் கதவையே மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாற்றிய கதவும் ஆறு மாதத்தில் பழையபடி தொங்கியது. சாத்தும்போது தகராறு பண்ணுவது கதவின் பின்விளிம்பு. ஆகவே எல்லாருடைய கண்ணும் அங்கேதான் போகிறது. கதவைத் தாங்குவதோ முன்விளிம்பில், டயர் பக்கமாக, பாதி மறைந்திருக்கும் இரண்டு இரும்புத் துண்டுகள். யாழ்ப்பாணத்தார் அவற்றைப் பிணைச்சல் என்பார்கள். மாத்தளைக் கடைகளில் சரனேரு என்ற சிங்களச் சொல்லும் புழங்கும். தமிழ்நாட்டில் கீல். நான் பிணைச்சல் என்றே எழுதுகிறேன். இரண்டைப் பிணைத்து வைக்கும் வேலை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

கடைக்காரரின் கடன் கொப்பியைக் கேட்டு வாங்கினேன். கெட்டி அட்டை போட்ட பெரிய கொப்பி. "இதோட முதுகை மட்டும் பிடிங்க தம்பி. மேல ரெண்டு விரல், கீழ ரெண்டு விரல். கொப்பி நிமிர்ந்து நிக்கணும், வேற எங்கயும் கை படக் கூடாது." பிடித்தார். "இப்ப மேல் விரலுக்கு என்ன தெரியுது?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "பிடுங்கிட்டுப் போகப் பாக்குது."

"கீழ?"

"கீழ உள்ளுக்கு அமுக்குது."

அவர் விரலுக்குத் தெரிந்ததுதான் வாகனத்திலும் நடக்கிறது. கதவின் பாரம் நேராகக் கீழே இறங்கிவிடுவதில்லை. பிணைச்சலுக்கு வெளியே அரை மீற்றர் தள்ளி அந்தரத்தில் தொங்குகிறது. அதனால் மேல் பிணைச்சலைப் பின்னோக்கிப் பிடுங்குகிறது, கீழ்ப் பிணைச்சலை முன்னோக்கித் தூணோடு அழுத்துகிறது. பழைய கோயில்களிலும் பெரிய வீடுகளிலும் இருந்த குடுமிக் கதவை நினைத்துப் பாருங்கள். கதவுப் பலகையின் அடியிலேயே ஒரு முளை, நிலைப்படியில் அதற்கு ஒரு குழி. கதவு தன் பாரத்தைத் தன் காலிலேயே ஊன்றி நின்று சுழலும். அவ்வளவு கனமான மரக் கதவுகள் தலைமுறைகளாக நின்றதற்கு அந்த ஊன்றலும் ஒரு காரணம். வாகனக் கதவுக்கு ஊன்ற இடமில்லை, தொங்கத்தான் வேண்டும்.

கணக்கையும் போட்டுக் காட்டினேன். அவர் சிகரெட் அட்டையைக் கிழித்துத் தர, அதன் பின்பக்கத்தில் எழுதினேன். இரண்டு பிணைச்சலுக்கும் இடையே 35 சென்டிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கதவின் நீளம் 105 சென்டிமீற்றர். நீளம் இடைவெளியைப் போல மூன்று மடங்கு. மேல் பிணைச்சலில் ஒரு மில்லிமீற்றர் தேய்ந்தால், பின்விளிம்பு மூன்று மில்லிமீற்றர் இறங்கும். முன்னால் கண்ணுக்கே தெரியாத தேய்மானம், பின்னால் லொக்கையே தவறவிடும் அளவுக்குப் பெரிதாகிறது. பாரமும் அதே மாதிரிதான் பெருகும். 60 கிலோ ஆள் திறந்த கதவின் நுனியில் பாதிப் பாரத்தைப் போட்டுச் சாய்ந்தால் அது 30 கிலோ. மேல் பிணைச்சலில் அது 90 கிலோ இழுவையாக விழும், கதவின் சொந்தப் பாரம் தனி.

"நான் சாயிறதில்லயே அண்ணே."

"ஏறும்போது எதைப் பிடிச்சு ஏறுறீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை, சிரித்தார். உயரமான கெப்பில் ஏற எல்லாரும் கதவின் உள் கைபிடியைத்தான் பிடிக்கிறோம். ரிவேஸ் எடுக்கும்போது கதவைத் திறந்து, அதில் கையை ஊன்றி, உடம்பை வெளியே விட்டு எட்டிப் பார்க்கிறோம். தோட்டத்துப் பாதையில் ஒரு பக்கம் பள்ளம் இருக்கும்போது வேறு வழியும் இருப்பதில்லை. பள்ளத்தைப் பார்த்து நிறுத்திய வாகனத்தில் கதவைத் திறந்தால் அது கையை விட்டுப் பறந்து போய் ஸ்டொப்பரில் மோதி நிற்கும். ஒவ்வொரு மோதலையும் வாங்குவது பிணைச்சல்தான். எங்கள் மாவட்டத்தில் சமதரையில் நிறுத்த எத்தனை இடம் இருக்கிறது? மாத்தளையிலிருந்து இரத்தோட்டை, ரிவஸ்டன், அங்கிருந்து இலுக்கும்புர, பல்லேகம என்று இறங்கினால் வழி நெடுக ஏற்றமும் இறக்கமும்தான். ஏ-9 வீதியில் நாவுலயைத் தாண்டித் தம்புள்ளைப் பக்கம் போனால் தரை சமமாகிறது. அங்கே வேறொரு தொல்லை காத்திருக்கிறது, செம்மண் தூசு. பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி ஏற்றி இறக்கும் பட்டாக்களின் சாரதிக் கதவு ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து மூடுகிறது என்று ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் தெரியும். எண்ணெய் பட்ட பிணைச்சலில் தூசு ஒட்டினால் அது எண்ணெயாக இருப்பதில்லை. வால்வு அரைக்கும் பசை மாதிரி இரும்பை அரைக்க ஆரம்பிக்கும்.

பிளேன்டியைக் கையில் எடுத்துக்கொண்டே கெப் பக்கம் போனோம்.

கதவைப் பாதி திறந்து வையுங்கள். பின்விளிம்பின் அடியைக் கையால் பிடித்து மெல்லத் தூக்கி இறக்குங்கள். இன்னொருவர் முன்னால் குனிந்து பிணைச்சலைப் பார்க்கட்டும். வெளிச்சம் போதாவிட்டால் போன் லைட்டை அடித்துப் பார்க்கட்டும். இதற்கு ஸ்பனர் வேண்டாம், காசு வேண்டாம், இரண்டு நிமிஷம் போதும். கராஜுக்குப் போகும் முன் இதைச் செய்துவிட்டுப் போகிறவரை யாரும் ஏமாற்ற முடியாது.

தூக்கும்போது என்ன அசைகிறது என்பதுதான் கேள்வி. பிணைச்சலின் இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று அசைந்தால், நடுவில் ஓடும் பின்னோ அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. பிணைச்சல் முழுதாகத் தூணை விட்டோ கதவை விட்டோ நகர்ந்தால், போல்ட் தளர்ந்திருக்கிறது. போல்ட்டும் இறுக்கமாக இருந்து, பிணைச்சல் பூட்டியிருக்கும் தகரமே மூச்சு விடுவது போல் உள்ளே வெளியே போய் வந்தால், அங்கே வெடிப்போ துருவோ இருக்கிறது. எதுவுமே அசையாமல் கதவு மட்டும் தாழ்ந்து நின்றால் பிணைச்சல் வளைந்திருக்கலாம். எப்போதோ காற்றிலோ மரத்திலோ பட்டு இழுபட்டிருக்கும்.

கெப்புக்கு மட்டும் உரிய இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான கெப்களில் கெபின் தனி, அடிச் சட்டகம் தனி. இடையில் ரப்பர் மவுண்ட்கள் வைத்துத்தான் கெபினை உட்கார வைத்திருப்பார்கள். அதில் ஒரு மூலை ரப்பர் நசிந்து போனால் கெபின் லேசாக முறுக்கும், கதவின் இடைவெளியும் கோணும். அப்படி இருந்தால் பிணைச்சலை எத்தனை தடவை திருத்தினாலும் நிலைக்காது. இரண்டு பக்கக் கதவின் இடைவெளியும் சேர்ந்து கெட்டிருந்தால் முதலில் வண்டிக்கு அடியில் படுத்து அந்த ரப்பர்களைப் பார்த்துவிட வேண்டும்.

தம்பியின் கெப்பில் மேல் பிணைச்சல் 'டக் டக்' என்று பேசியது. நான் பின்னால் தூக்கத் தூக்க அவர் முன்னால் குனிந்து பார்த்தார். பின்னின் தலை தன் குழிக்குள் ஆடியது அவருக்கே தெரிந்தது. கீழ்ப் பிணைச்சலில் ஆட்டம் இல்லை, ஆனால் சுற்றிலும் செந்நிறத் தூள். அது செம்மண் இல்லை, இரும்பு இரும்போடு உராய்ந்து உதிர்ந்த துருத்தூள். பிறகு பின்தூணுக்கு வந்தோம். லொக் வந்து கடிக்கும் வளையத்தை ஸ்ட்ரைக்கர் என்பார்கள். அதன் மேல்பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது. தொங்கிய கதவு ஒவ்வொரு தடவையும் அந்த வளையத்தில் உரசி ஏறித்தான் உட்கார்ந்திருக்கிறது. படிக்கு மேலே கதவின் கீழ் மூலை உரசிய இடத்தில் பெயின்ட் போய், தகரம் தெரிந்தது.

"ஏதோ ஒரு கராஜில ஸ்ட்ரைக்கரக் கீழ இறக்கியிருக்காங்க போல," என்றேன். போல்ட்டைச் சுற்றிப் பழைய இடத்தின் அச்சு பெயின்ட்டில் தெளிவாகத் தெரிந்தது.

"ஆமாண்ணே. ஆறு மாசத்துக்கு முந்தி. கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு."

இந்த இடத்தில் எனக்கு மனம் பொறுக்காது. ஸ்ட்ரைக்கரை இறக்குவது ஐந்து நிமிஷ வேலை, கதவும் அன்றைக்கு அழகாகச் சாத்தும். ஆனால் பிணைச்சலின் தேய்மானம் அப்படியே உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். வேலை பழகிய காலத்தில் நானும் ஒருவருடைய வானுக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து, மலைப்பாதையில் இடப்பக்கம் ஒடித்த ஒரு வளைவில், வலப்பக்கத்துச் சாரதிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. பெரும்பாலான வாகன லொக்குகளுக்கு இரண்டு படி உண்டு: அரைப்பூட்டு, முழுப்பூட்டு. தொங்கிய கதவு அரைப்பூட்டிலேயே நின்றிருக்கிறது. சீட் பெல்ட் போட்டிருந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாள் கதவைத் திருத்த வந்தபோது அவர் என்னைத் திட்டவில்லை. அவர் திட்டாமல் நின்றது இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து பிணைச்சல் நேராகும் வரை ஸ்ட்ரைக்கரில் கை வைப்பதில்லை.

பின்னும் புஷ்ஷும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால் செலவும் புரியும். பின் உருக்கு. புஷ் பித்தளை அல்லது வெண்கலம், உருக்கைவிட மிருதுவானது. கதவு சுழலும்போது மிருதுவானது தேய வேண்டும், கடினமானது தப்ப வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். புஷ் என்பது சாகப் பிறந்த பொருள், சின்ன விரல் நுனியளவு மோதிரம். அது முழுதாகத் தேயும் முன் மாற்றினால் செலவு ஒரு சோடிப் புஷ்ஷும் ஒரு பின்னும்தான். விட்டுவிட்டால் பின் நேராக பிணைச்சலின் இரும்பில் உரசும். அப்போது வட்டமாக இருந்த துவாரம் முட்டை வடிவமாகும். புதுப் புஷ் போட்டாலும் நிற்காது, லேத் பட்டறைக்குப் போக வேண்டும். அதையும் விட்டால் ஆடும் கதவு ஒவ்வொரு குழியிலும் தூணின் தகரத்தை அடித்து அடித்து வெடிக்க வைக்கும். பிறகு டிங்கரிங் பாஸிடம் தூணைத் திறந்து வெல்ட் பண்ணிப் பெயின்ட் அடிக்கும் வேலை. மோதிரத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம் அது.

எல்லா வாகனத்திலும் புஷ் தனியாகக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல ஜப்பான் வாகனங்களில் பின்னின் நுனியை அடித்து விரித்து, பிணைச்சலை ஒரே துண்டாக மூடியிருப்பார்கள். அதற்கு முழுப் பிணைச்சல்தான் மாற்ற வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய மாதிரிகளுக்கும் கழற்றிய பிணைச்சல் தேடலாம். வாங்கும்போது கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள். ஓட்டமில்லாத பக்கத்துக் கதவின் பிணைச்சல் பொதுவாகக் குறைவாகத் தேய்ந்திருக்கும். ஆனால் இடம் வலம் பெரும்பாலும் பொருந்தாது, ஆகவே உங்களுடையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போவது நல்லது. கிடைக்காவிட்டால் நல்ல லேத்காரர் அந்த அடித்த பின்னை அறுத்தெடுத்து, துவாரத்தைச் சீராகக் கடைந்து, பித்தளைப் புஷ் இறக்கி, புதுப் பின் செய்து கொடுப்பார். சில வேளை அது கம்பெனிப் பிணைச்சலையும் விட நீண்ட நாள் உழைக்கும்.

நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனை வாகனங்களுக்கு வாசல் மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருஷம், இருந்த வாகனத்தைத்தான் எல்லாரும் ஓட்டினோம். பழைய கெப்பின் விலை வாங்கியபோது இருந்ததைவிட ஏறிப்போனது. அந்த வருஷங்களில் பழைய வாகனத்தை உயிரோடு வைத்திருந்தது இந்த லேத் பட்டறைகளும் டிங்கரிங் பாஸ்மாரும்தான். அவர்களுடைய கைவேலையை இரண்டாந்தரம் என்று நினைப்பவர்களோடு நான் உடன்படமாட்டேன்.

தம்பியின் கெப்பில் பின்னை அடித்து எடுக்கக் கூடிய பழைய மாதிரிப் பிணைச்சல். "அடுத்த போயாவுக்கு வாங்க. புஷ்ஷும் பின்னும் அளவெடுத்து வச்சிடுறேன், ரெண்டு பேருமா செய்யலாம்," என்றேன். பின்னின் தடிப்பைக் கலிப்பரில் அளக்கும்போது தேய்ந்த நடுப்பகுதியை அளக்கக் கூடாது. தேயாத தலைப்பக்கத்தை அளக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

போயா அன்று காலையிலேயே வந்துவிட்டார். முதல் நாள் இரவே பின்னின் இரண்டு நுனியிலும் துரு இளக்கும் எண்ணெய் விடச் சொல்லியிருந்தேன். இல்லாவிட்டால் டீசலும் உதவும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயருக்குக் கட்டை வைத்தோம். கதவின் கீழ் ஜக், ஜக்கின் மேல் பலகை, பலகையின் மேல் மடித்த சாக்கு. ஜக் கதவைத் தாங்கினால் போதும், தூக்கக் கூடாது. அளவுக்கு மேல் தூக்கினால் பின் குழிக்குள் நெரிபட்டு வெளியே வராது. பாரம் சரியாகத் தாங்கப்பட்டிருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு: பின்னைச் சுத்தியலால் தட்டும்போது சத்தம் மந்தமாக இருந்தால் இன்னும் நெரிபடுகிறது, ஜக்கைக் கால் சுற்று ஏற்றியோ இறக்கியோ மறுபடி தட்டுங்கள். சத்தம் தெளிந்த இடத்தில் பின் நகர ஆரம்பிக்கும்.

முதலில் ஸ்டொப்பரைக் கழற்றினோம். பிறகு மேல் பிணைச்சல் மட்டும். இரண்டு பின்னையும் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது. ஒன்று முடிந்த பிறகு மற்றது என்று போனால் கதவைக் கழற்றி இறக்கும் பாடே இல்லை, ஒயர்களும் அப்படியே கிடக்கும். கண்ணாடி அணியுங்கள், தட்டும்போது துரு தெறிக்கும்.

பின் வெளியே வந்ததும் துணியால் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். இரண்டு நுனியும் உருண்டையாக, வந்தபடியே இருந்தன. நடுவில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம். விரலால் தடவினால் படி இறங்குவது போல் இருக்கும். நகம் அந்தப் படியில் இடறும். மறுபக்கம் கொஞ்சமும் தேயவில்லை. கொப்பியைப் பிடித்த விரல் உணர்ந்த அந்த ஒரு பக்க இழுவைதான் அந்தப் பள்ளத்தைக் குடைந்திருக்கிறது. பித்தளைப் புஷ் மேல் துவாரத்தில் காகிதம் போல் மெலிந்து இருந்தது, கீழ்த் துவாரத்தில் இல்லவே இல்லை. கரைந்து போய்விட்டது.

"இதத் திருப்பிப் போட்டா என்னண்ணே? மத்தப் பக்கம் நல்லாத்தானே இருக்கு?"

நல்ல கேள்வி. அவசரத்துக்குப் பாஸ்மார் அப்படிச் செய்வதுண்டு. பாதையில் மாட்டிக்கொண்டால் நானும் செய்வேன். ஆனால் புஷ் இல்லாத குழியில் புதுப் பின்னும் ஆடும், திருப்பிய பின்னும் ஆடும்.

புதுப் புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் வாய் மடங்கிவிடும். நீளமான ஒரு போல்ட்டை இரண்டு வொஷரோடு துவாரத்தின் ஊடாக விட்டு, நட்டை மெல்ல இறுக்கினோம். புஷ் தானாக நேரே போய் உட்கார்ந்தது. உள்ளே கொஞ்சம் கிறீஸ் தடவி, பின்னை மேலிருந்து இறக்கித் தட்டினோம். ஆங்கிலத்தில் பிணைச்சலின் அந்த வளையக் கணுக்களுக்கு நக்கிள் என்று பெயர், விரல் கணுவைக் குறிக்கும் சொல்தான். வேலை செய்த இடத்திலிருந்து தலையைத் தூக்கினால் தெரிகிற மலைக்கும் வெள்ளைக்காரன் வைத்த பெயர் அதுதான், நக்கிள்ஸ். முறுக்கிய கையின் கணுக்கள் மாதிரி இருக்கிறதென்று வைத்தான். தம்பி நிமிர்ந்து மலையைப் பார்த்தார், குனிந்து பிணைச்சலைப் பார்த்தார். "சரியாத்தான் வச்சிருக்கான்," என்றார்.

கீழ்ப் பிணைச்சலும் முடிந்த பிறகு ஸ்ட்ரைக்கரை முழுதாகக் கழற்றி எடுத்தோம். இதைப் பலர் செய்வதில்லை, ஆனால் கதவின் உண்மை நிலை தெரிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஸ்ட்ரைக்கர் இல்லாமல் கதவை மெல்ல மூடினால், அது எதிலும் ஏறாமல் எதிலும் தட்டாமல் தன் இயல்பான இடத்துக்கு வரும். அப்போது சுற்றிலும் இடைவெளியைப் பார்க்க வேண்டும். கூரைப் பக்கம், பின்தூண் பக்கம், படிப் பக்கம் எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும். பின்தூண் இடைவெளி மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் கதவு இன்னும் தாழ்ந்தே இருக்கிறது.

எங்களுக்கு ஒரு சொட்டு மிச்சமிருந்தது, பின்விளிம்பில் மூன்று மில்லிமீற்றர் போல. இனிப் போல்ட் வேலை. முதலில் பிணைச்சலைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டோம், எங்கிருந்து எவ்வளவு நகர்த்தினோம் என்று தெரிய. பிறகு ஒரு போல்ட்டை மட்டும் பிடிமானத்துக்கு விட்டு மற்றதைத் தளர்த்தி, ஜக்கை ஒரு மயிரிழை ஏற்றி, மறுபடி இறுக்கிப் பார்த்தோம். ரொயோட்டா போன்ற சில வாகனங்களில் கம்பெனி போட்டு வரும் போல்ட்டின் கழுத்து கூம்பாக இருக்கும். அது துவாரத்தின் நட்டநடுவில் தானே போய் உட்காரும். எவ்வளவு தள்ளினாலும் பிணைச்சல் நகராது. போல்ட் பிடிவாதம் பண்ணுகிறது என்று சிலர் கடப்பாரை எடுப்பார்கள். கடப்பாரை வேண்டாம். அந்தப் போல்ட்டை எடுத்துவிட்டு அதே புரியுள்ள சாதாரணப் போல்ட்டையும் வொஷரையும் போட்டால் நகர்த்த இடம் கிடைக்கும்.

நகர்த்தியும் எட்டாவிட்டால் கீழ்ப் பிணைச்சலுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றர் தகட்டுத் துண்டு வைக்கலாம். கீழ்ப்பாகம் பின்னால் தள்ளப்படும், மேல்பாகம் பிடித்த இடத்தில் நிற்கும், பின்விளிம்பு மேலே எழும். சிகரெட் அட்டையில் போட்ட கணக்கு இங்கே நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது: ஒரு மில்லிமீற்றர் வைத்தால் மூன்று மில்லிமீற்றர் உயரும். எங்களுக்கு அதற்குத் தேவை வரவில்லை.

பிணைச்சலின் நடுவே கட்டையைச் சொருகிக் கதவை அமுக்கி நிமிர்த்துவதையும், திறந்த கதவின் அடியில் ஜக் வைத்து ஒரேயடியாகத் தூக்குவதையும் பற்றித் தம்பி கேட்டார். உண்மையாகவே வளைந்த பிணைச்சலுக்கு, கை பழகிய ஒருவர் செய்தால் அது வேலைக்காகும். தேய்ந்த பின்னுக்கு அதைச் செய்தால் தேய்மானமும் இருக்கும், வளைவும் கூடச் சேரும்.

ஸ்ட்ரைக்கரைக் கடைசியாகப் போட்டோம். அதன் மேல் கொஞ்சம் கிறீஸைத் தடவி, கதவை மெல்ல ஒரு தடவை சாத்தித் திறந்தால், லொக் எங்கே தொட்டது என்று கிறீஸில் அச்சு விழும். வளையத்தின் நடுவில் விழுமட்டும் தளர்த்தி இறுக்கி நகர்த்தினோம். ஸ்ட்ரைக்கர் கதவைத் தூக்கவும் கூடாது, அமுக்கவும் கூடாது. பூட்டு விழுந்த பிறகு வெளியே கதவின் பரப்பும் பின்தகட்டின் பரப்பும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். கையால் தடவினால் தெரியும்.

பீடிங் ரப்பரைப் பார்க்க ஒரு காகிதத் துண்டு போதும். அதை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்கம் தெரிய வேண்டும். தொங்கிய கதவு ஒரு வருஷமாக அமுக்கிய இடத்தில் அவருடைய ரப்பர் சப்பையாகிக் கிடந்தது. மேல் மூலையில் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது. மழைக்கு அந்த மூலையால்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சீட்டுக்கு அடியில் ஈரம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். பீடிங் வாங்கிப் போடச் சொன்னேன். படியில் பெயின்ட் போன இடத்தைத் தேய்த்து அன்றைக்கே துருத்தடுப்பு மை அடித்தோம், அதை விட்டுவைத்தால் அடுத்த மாரிக்குள் ஓட்டையாகும்.

பழைய எஞ்சின் ஒயிலைப் பிணைச்சலுக்கு விடும் வழக்கம் எங்கள் ஊரில் உண்டு. காசு மிச்சம் என்று செய்கிறார்கள். அந்தக் கறுப்பு ஒயிலில் எஞ்சின் தேய்ந்த இரும்புத்தூள் இருக்கிறது, அதையும் தூசையும் சேர்த்துப் புதுப் புஷ்ஷுக்கு ஊட்டக் கூடாது. மாதம் ஒரு தரம், முதலில் துணியால் அழுக்கைத் துடைத்துவிட்டு, சுத்தமான எண்ணெய் இரண்டு சொட்டு. மேல் வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும், வழிந்ததில்தான் தூசு ஒட்டும். ஒரு கிழமை ஓடிய பிறகு போல்ட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பார்க்க வரச் சொன்னேன். புதிதாக நகர்த்திய பிணைச்சல் பெயின்ட்டின் மேல் அமர்ந்து இளகுவதுண்டு.

சொன்னபடி அடுத்த கிழமை வந்தார். நான் கடை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கெப் எதிரே நின்றது, அவர் இறங்கினார், கதவை விட்டார். பழக்கத்தில் முழங்கால் மேலே வந்தது. அது வந்து சேரும் முன்பே கதவு சாத்திக்கொண்டிருந்தது.